ஒரு கை பார்க்கும் பூட்டுக்காரம்மா

பெட்டியின் பூட்டு திறந்ததும் அதை அப்படியே வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பூட்டுக்காரம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். "உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல. நீங்களே பாத்துக்குங்க." நேர்மையான மனுஷி என்று வந்தவர் நெகிழ்ந்துபோகிறார். உண்மையில் இது போக்கர் சீட்டாட்டத்துக்கான பயிற்சி.

முன்பெல்லாம் மூடிக் கிடக்கும் எதையும் அவரால் சும்மா விட முடியாது. தொழில் பாதி, பிறவிக்குணம் பாதி. சமையலறையில் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்து பார்க்காமல் தாண்டமாட்டார், தானே சமைத்து மூடியதாக இருந்தாலும்.

சலூன் மாடியில் சனிக்கிழமை நடக்கும் ஆட்டத்தில் இந்தக் குணம்தான் அவர் காலை வாரியது. காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். எதிராளி வில்லைகளைக் குவிக்கும்போது நம் சீட்டு தேறாது என்று தோன்றினால் கவிழ்த்துவிட்டு விலகலாம். விலகினால் அவர் கையில் என்ன இருந்தது என்பது கடைசிவரை தெரியாது. பூட்டுக்காரம்மாவுக்குக் கை பரபரப்பது அங்கேதான். "வா, ஒரு கை பாத்துடறேன்!" என்று தன் வில்லைகளையும் தள்ளுவார். பார்ப்பார். தோற்பார். அவரிடம் ஜெயித்த வில்லைகளை வைத்தே, எதிரே உட்காரும் மருந்துக்கடைக்காரர் பாதி ஆட்டம் ஆடுவார்.

பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "அடியே, பூட்டத் திறந்தா உனக்குக் கூலி. சீட்டத் திறக்க வச்சா அவருக்குல்ல கூலி குடுக்கற?"

சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து பெட்டிக்குள் பார்ப்பதில்லை. மூடிய பாத்திரத்தைத் திறப்பதில்லை. சாவி அராவிக்கொண்டே முணுமுணுப்பார்: "ஜெயிக்கற சீட்டா? இல்லியா? வச்சிடு."

அடுத்த ஊர்க் கிளப்போடு போட்டி வருகிறது. அணியில் ஒரே ஒரு நாற்காலி பாக்கி. இந்தச் சனிக்கிழமை இவரும் மருந்துக்கடைக்காரரும் ஆடி, வில்லை தீராமல் நிற்பவருக்கு அது. ஊரில் பாதிக் கதவுகளைப் பிறருக்குத் திறந்துவிட்டு வெளியே நின்றவர் இவர். இந்த ஓர் அறைக்குள்ளாவது தானே போய் உட்கார வேண்டும். அவ்வளவு ஆசை.

சனிக்கிழமை வந்தது. பூட்டுக்காரம்மாவுக்குச் சேர்ந்தது ராஜா ஜோடி, எட்டு ஜோடி. நல்ல சீட்டுதான். ஆனால் இருவருக்கும் பொதுவாக நடுவில் விரித்த ஐந்து சீட்டில் நான்கு, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின். எதிராளியிடம் இன்னோர் ஆட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும், இவர் கதை முடிந்தது. மருந்துக்கடைக்காரர் இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினார். ஆட்டின் இல்லாமல் அந்த மனிதர் இப்படித் தள்ளமாட்டார். இல்லாமலும் இருக்கலாமே! பூட்டுக்காரம்மாவின் விரல் தன் வில்லைகள்வரை போய் நின்றது.

"என்னக்கா, இன்னிக்கு ஒரு கை பாக்கலியா?"

"இல்ல தம்பி. நீயே வச்சுக்க." சீட்டைக் கவிழ்த்தார்.

மருந்துக்கடைக்காரர் முகம் லேசாகச் சுருங்கியது. தன் இரண்டு சீட்டுகளையும் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அடுத்துக் கலைத்துப் போடும் முறை பூட்டுக்காரம்மாவுடையது. அந்த இரண்டும் அவர் விரலடியில் கிடந்தன.

பின்னாலிருந்து டிரைவரின் கழுத்து நீண்டது. "யாரும் பாக்கல. ஓரத்த மட்டும் லேசாத் தூக்கு" என்று கையையும் நீட்டினார்.

பூட்டுக்காரம்மா அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்துவிட்டு, இரண்டு சீட்டையும் கட்டுக்குள் சொருகிக் கலைக்க ஆரம்பித்தார்.