கொடியசைப்புக்குப் பத்து மதிப்பெண்

துணி பேனரில் எழுதிய பெயின்ட் காயாமல் இருக்கும்போது ஒரு வாசனை வருமே, நினைவிருக்கிறதா... மண்ணெண்ணெயும் புது வேட்டியும் கலந்தாற்போல. ஃப்ளெக்ஸ் வராத காலம். அந்த வாசனை மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது நான் கறம்பக்குடியில் வாத்தியார். ஊர் சேவைச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதுதான் தகுதி. தலைவர் ரெங்கராசு, ஜவுளிக்கடைக்காரர். நல்ல மனிதர். ஒரே ஒரு ஏக்கம் அவருக்கு... மாவட்டத்தின் சிறந்த சங்கத்துக்கான கேடயம்.

அந்தக் கேடயத்துக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் உண்டு. பேனர் கட்டினால் மதிப்பெண். சிறப்பு விருந்தினர் வந்தால் மதிப்பெண். பத்திரிகையில் படம் வந்தால் மதிப்பெண். கொடியசைத்துத் தொடங்கி வைத்தால் தனியாகப் பத்து. காரியம் நடந்ததா என்று கேட்க மட்டும் பட்டியலில் இடமில்லை. கணக்குப் பரீட்சையில் விடையைப் பார்க்காமல், பையன் மார்ஜின் கோடு போட்டிருக்கிறானா, நோட்டுக்கு அட்டை போட்டிருக்கிறானா என்று மட்டும் பார்த்து மார்க் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

அந்த வருடம் கண் முகாம் நடத்தினோம். புரை விழுந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, அறுவைச் சிகிச்சைக்காகத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர்ந்தால்தான் படுக்கை, இல்லையென்றால் அடுத்த முகாமுக்குத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். திருச்சிக்குப் போக மூன்று மணி நேரமாவது ஆகும். ஒரு பள்ளிக்கூடத்துப் பஸ்ஸை இரவல் வாங்கி, காலை ஏழு மணிக்கே எல்லோரையும் ஏற்றி உட்கார வைத்துவிட்டோம். மடியில் ஒயர் கூடை, அதற்குள் மாற்றுத்துணி.

முன் சீட்டில் சின்னையா. சந்தையில் ஆட்டுத் தரகர். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தே வயது சொல்பவர். ஒரு வருடமாகப் பல் தெரியவில்லை, விரலால் தடவித்தான் பார்க்கிறார். கிழட்டு ஆட்டை அவர் தலையிலேயே கட்டிவிட்டுச் சிரித்தவர்களும் உண்டு. இந்தமுறை தவறினால் தொழிலையே விட வேண்டியதுதான் என்று பஸ்ஸில் ஏறியதிலிருந்து என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஏழு மணி எட்டானது. கொடியசைக்க வேண்டிய சங்கத்தின் மாவட்டப் பெரியவர் வரவில்லை. வேறொரு ஊரில் வேறொரு கொடியை அசைத்துக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. பேனரை பஸ்ஸின் முன்கண்ணாடியை மறைத்துக் கட்டியிருந்ததால் டிரைவர் நினைத்தாலும் வண்டியை எடுக்க முடியாது. அவிழ்த்துவிடலாம் என்றேன். ரெங்கராசு பதறிவிட்டார்.

"அவுத்தா படத்துல பேனர் வராது சார். கொடியசைக்கிற பத்து மார்க்கும் போயிரும்."

"அவங்களுக்குக் கண்ணு போயிருமேங்க."

"இந்தா வந்துருவாரு சார். திருவரங்குளம் தாண்டியாச்சாம்."

அந்தக் கார் திருவரங்குளத்தை எத்தனை முறைதான் தாண்டியதோ, எனக்குத் தெரியாது.

எட்டே முக்காலுக்கு புதுக்கோட்டை போகும் ரூட் பஸ் எதிரே வந்து நின்றது. சின்னையா கூடையை எடுத்துக்கொண்டு, கம்பியைத் தடவித் தடவி இறங்கினார்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?" என்றார் ரெங்கராசு.

"இங்கிட்டு இருக்க வண்டி படத்துக்கு நிக்கிது தலைவரே. அங்கிட்டு இருக்கது ஊருக்குப் போகுது. நான் ஊருக்குப் போறேன்."

அவர் பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் இறங்கினார்கள். நானும் கூடவே ஏறிவிட்டேன். புதுக்கோட்டையில் திருச்சி பஸ்ஸுக்கு மாறினோம். கீரனூரில் ஏறிய ஆபீஸ் கூட்டம் நெரித்தது. ஆனால் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் ஒருவரையும் யாரும் எழுப்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது பன்னிரண்டு அடிக்கச் சொற்ப நேரம்தான் இருந்தது. எல்லோருக்கும் படுக்கை கிடைத்தது.

பெரியவர் பத்தரைக்கு வந்தாராம். மாலை, கைதட்டல், கொடி. படம் எடுத்ததும் பேனரை அவிழ்க்க, காலி பஸ் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்ததாம். பத்திரிகையில் படமும் வந்தது.

கேடயம் எங்களுக்குத்தான். நாங்கள் ரூட் பஸ்ஸில் போனதற்கு மதிப்பெண் இல்லை. எப்படி இருக்கும்? அதில் பேனர் இல்லையே.

சில மாதங்கள் கழித்து சின்னையா சங்கத்துக்கு வந்தார். சந்தையில் மறுபடி பல் பார்க்கிறாராம். கேடயத்துக்குப் பக்கத்தில் பெரிதாக்கி மாட்டியிருந்த படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"இது நாங்க போன அன்னிக்கி எடுத்ததா? வண்டில ஒரு தலையக்கூடக் காணமே."

ரெங்கராசு கணக்குப் பார்த்தபடியே சொன்னார். "உள்ளதான் இருக்கீங்க. தூரத்துல எடுத்ததுல்ல, தெரியாது."

"தலைவரே... எனக்கு ஆப்பரேசன் முடிஞ்சிருச்சு."

ரெங்கராசு முதலில் விழித்தார். பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். படத்தை மட்டும் கழற்றவில்லை.

இன்றைக்குச் சங்கத்துக்கு இளைய தலைமுறை வந்துவிட்டது. மதிப்பெண் பட்டியல் ஆன்லைனில் இருக்கிறது. இடமும் நேரமும் பதிவான படத்தை ஏற்றினால்தான் மதிப்பெண்ணாம். பட்டியலைப் பொறுமையாக இறக்கி இறக்கிப் பார்த்தேன். காரியம் நடந்ததா என்ற கேள்வியை இன்னும் யாரும் சேர்க்கவில்லை.

போன வாரம் புதிய செயலாளர், என்னிடம் படித்த பையன்தான், கண் முகாம் பஸ் படத்தை அனுப்பியிருந்தார். "இந்தத் தடவையும் ஷீல்டு நமக்குத்தான் சார்" என்று குரல் பதிவு வேறு. திருச்சி ஆஸ்பத்திரியின் பன்னிரண்டு மணிக் கெடு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. படத்தின் மூலையில் நேரம் இருந்தது... பத்தே முக்கால். பஸ் இன்னும் கறம்பக்குடியில்தான் நிற்கிறது.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். இந்தமுறை ஜன்னல்களில் தலைகள் இருந்தன. எல்லோரும் கேமராவைப் பார்த்து அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கக்கூடிய முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று ஜன்னல் ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தேன்.