இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஹாவிஸின் வீடு

மிக்கேல் திருநாளுக்கு மறுநாள், தலைமைக் கொத்தர் தர்ஸ்டன், ஹெர்ன்மவுத் என்ற துறைமுக ஊரை விட்டுப் போனார். வேல்ஸில் கோட்டை கட்ட மன்னரின் ஆட்கள் கையோடு அழைத்துப் போய்விட்டார்கள். முந்தைய வாரம்தான் ஊரின் புது மதிலுக்குக் கடலோரமாக முளைக்குச்சி அடித்திருந்தார். பிறகு மனம் மாறி, தெருவோரமாக இன்னொரு வரிசை அடித்தார். எதைப் பிடுங்குவது என்று சொல்லுமுன் ஆளைக் காணோம்.

இரண்டு வரிசைக்கும் நடுவில் இருந்தது ஹாவிஸின் வீடு. அவள் பீர் காய்ச்சி விற்கும் விதவை. கடலோரம் மதில் வந்தால் வீடு உள்ளே, பிழைத்தது. தெருவோரம் வந்தால் வீடு வெளியே. எதிரி ஒளிந்துகொள்வான் என்று இடித்துவிடுவார்கள்.

நகர சபை கூடிக் கூடிக் கலைந்தது. துறையில் கிடங்கு வைத்திருந்தவர்கள் கடலோரம் என்றார்கள். செலவுக்கு அஞ்சியவர்கள் தெருவோரம் என்றார்கள். கடைசியில் கொத்தரையே கேட்டுவிடலாம் என்று ஒரு துறவியிடம் கடிதம் கொடுத்தனுப்பினார்கள்.

அதற்குள் வரி வசூலிக்கும் ஓஸ்பர்ட் ஹாவிஸின் வாசலில் வந்து நின்றான். வெளியிலிருந்து ஊருக்குள் விற்க வரும் சரக்குக்கெல்லாம் மதில்வரி வாங்க மன்னர் ஏழாண்டு அனுமதி தந்திருந்தார்.

"அக்கா, நீ வெளியேன்னா பீப்பாய்க்கு வரி வைக்கணும். உள்ளேன்னா வேண்டாம்."

"மதில் எங்கடா இருக்கு?"

"அது உன் வீட்டைப் பொறுத்தது."

"என் வீடு?"

"அது மதிலைப் பொறுத்தது. பாதி வரி குடுத்துடேன், ரெண்டு பேருக்கும் தலைவலி இல்ல."

"பாதி வீட்டை இடிப்பியா அப்போ?"

ஓஸ்பர்ட் யோசித்துப் பார்த்தான். "கேட்டுச் சொல்றேன்" என்று ஒரு குவளை குடித்துவிட்டுப் போனான்.

கூரை ஒழுகியது. இடிக்கப்போகிற வீட்டுக்கு யார் நாணல் வேய்வார்கள்? நிற்கப்போகிற வீட்டை ஒழுக விடலாமா? ஹாவிஸ் படுக்கைக்கு மேல் மட்டும் வேய்ந்துகொண்டாள். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் மதில் வளர்ந்து வந்து, அவள் வீட்டுக்கு இருபுறமும் இருபதடி தள்ளி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மார்ஜெரி கேட்டாள்: "பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டிட்டியாடி?"

"கட்டினேன். அவிழ்த்தேன். இப்ப கட்டியிருக்கேனா அவிழ்த்திருக்கேனான்னே தெரியல."

நான்கு ஆண்டுகள் கழித்து, தவக்காலத்தில், வேறொரு துறவி பதிலோடு வந்தார். ஊர் முன்னால் படித்தார்:

"எந்த வரிசை என்று எனக்கு நினைவில்லை. அந்த வீட்டை இடித்துவிட்டிருந்தால் தெருவோரம் கட்டுங்கள். இன்னும் நின்றுகொண்டிருந்தால், அதன் கடல்பக்கச் சுவரையே தடிப்பாக்கி மதிலோடு சேர்த்துவிடுங்கள். கல் மிச்சமாகும்."