சிவப்புக் கோடு போட்ட ஹோஸ்

அந்தத் திங்கட்கிழமை காலையில் வேஸ்ட் ஆயில் டின்னைக் கவிழ்க்கப் போனபோதுதான் அது கையில் தட்டுப்பட்டது. ஒரு சாண் நீள ஹோஸ் துண்டு. சனிக்கிழமை ஒரு ஜீப்புக்கு மாட்டியதில் மிஞ்சியது. நான்தான் வெட்டி டின்னுக்குள் எறிந்திருந்தேன். எறிந்தபோது விறைப்பாக இருந்தது. இப்போது ஊற வைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிப் போயிருந்தது. இரண்டு விரலால் அழுத்தினால் அமுங்கி, அப்படியே கிடந்தது.

துணியால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்திப் பார்த்தேன். வெயிலில் காட்டிப் பார்த்தேன். அதே ஹோஸின் மற்ற பகுதி, என் முழங்கை நீளத்துக்கு, நாட்றாம்பாளையம் மலைப்பாதையில் ஒரு ஜீப்பின் அடியில் சூடான எண்ணெயைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஜீப்பில் ஆட்கள் ஏறியிருப்பார்கள்.

என் ஷெட் குருபரப்பள்ளியில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பச்சை ஜீப் ஊளையிட்டுக்கொண்டே வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். கிருஷ்ணகிரியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்துவிட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பாதி கன்னடம் கலந்து பேசினார்.

“வர்றப்ப நல்லாதாண்ணா வந்துச்சு. இப்ப நாய் மாதிரி அழுவுது. ஸ்வல்ப பாருங்க.”

அடியில் படுத்து கியர் பாக்ஸின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி விரலை விட்டேன். எண்ணெய் தட்டவில்லை. அதன் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் பாக்ஸ். அதன் மூடியைத் தளர்த்தியதுமே எண்ணெய் என் கை வழியாக அக்குள் வரைக்கும் வழிந்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருக்கிற சீல் போய்விட்டது. முன்பெட்டி எண்ணெயெல்லாம் பின்பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்று காய்ந்தது, ஒன்று நிரம்பி வழிந்தது.

“பாக்ஸ இறக்கி சீல் மாத்தணும். மூணு நாள் ஆவும்” என்றேன்.

“மூணு நாளா? நாளைக்குக் காத்தால ஆளுங்க ரோட்டுல நிப்பாங்க. எங்க மலை ஊருக்கு பஸ்ஸே கெடையாது, நம்ம வண்டிதான் பஸ்ஸு. போவலன்னா என்ன மரத்துல கட்டி வெச்சு ஒதைப்பாங்க. வேற வழி எதனா சொல்லுங்கண்ணா.”

வழி இருந்தது. இரண்டு பெட்டியிலும் எண்ணெய் ஊற்றுகிற துளை இருக்கிறது. இரண்டிலும் மூடிக்குப் பதிலாக ஹோஸ் மாட்டுகிற பித்தளை நிப்பிளை முறுக்கி, நடுவில் ஒரு ஹோஸ் போட்டுவிட்டால் பின்னால் ஏறுகிற எண்ணெய் அதன் வழியாக முன்னால் திரும்பி வந்துவிடும். சீல் போனது போனதுதான், ஆனால் எந்தப் பெட்டியும் காயாது. பழைய ஜீப்புகளுக்கு இந்த வேலையை நான் நாலைந்து முறை செய்திருக்கிறேன்.

ஹோஸுக்கு ஸ்கிராப் கட்டுக்குள் தேடினேன். ஓசூர் கம்பெனிகளில் மெஷினிலிருந்து கழற்றிப் போடுகிற ஹோஸ்கள் எடைக்குக் கிடைக்கும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லாருமே அப்படித்தான் வாங்குகிறோம். அதில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கறுப்பு ஹோஸில் சிவப்புக் கோடு ஓடினால் எண்ணெய், நீலக் கோடு ஓடினால் காற்று, கோடே இல்லாவிட்டால் தண்ணீர். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கோட்டுக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் என்னவோ அச்சடித்திருக்கும். நான் அஞ்சாவதோடு நின்றவன். தமிழ் பேப்பர் படிப்பேன். அந்த எழுத்து எனக்கு வெறும் பூவேலைதான்.

சிவப்புக் கோடு போட்டதாகப் பார்த்து வெட்டினேன். சைலன்சர் பைப்பில் உரசாமல் சட்டத்தோடு ஒட்டி வளைத்துக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டேன். எண்ணெயை ஊற்றி, நாலு சக்கரத்தையும் தூக்கி நிறுத்தி, கியரில் போட்டு அரைமணி நேரம் ஓட விட்டேன். ஒரு சொட்டு இல்லை. ஊளையும் நின்றது.

“இதுல போனா வூடு போய்ச் சேருவனா?” என்று கேட்டார்.

“வருசக்கணக்குல ஓடும்” என்றேன்.

நான் வேலை முடிந்தால் தலையை மட்டும் ஆட்டுகிற ஆள். அன்றைக்கு என்னவோ அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை என் மனைவிக்கு இரண்டாவது ஷிஃப்ட். ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். பத்தாவது படித்தவள். நாள் முழுக்க லேபிள் படிப்பதுதான் அவள் வேலை. சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தவளிடம் துண்டை நீட்டினேன். அவள் புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள்.

“பாதி அழிஞ்சு கெடக்குது. வாட்டர்னு இருக்குது. முன்னால ஹாட்டு. சுடுதண்ணி ஹோஸ் போல.”

“சிவப்புக் கோடு இருக்குதே.”

“சுடுதண்ணிக்கு செவப்பு போட்டிருப்பான். இன்னா, சட்னி அரைக்கிற மாதிரி மொகத்த வெச்சிருக்க?”

சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. “போன் போடு.”

எனக்குப் போனில் பேச வராது. கஸ்டமர் யாரிடம் பேசுவதானாலும் அவளிடம்தான் கொடுப்பேன். அன்றைக்கு நானே போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கட்டிலில் உட்கார்ந்து போட்டேன், எழுந்து நின்று போட்டேன், ரோட்டோரம் போய்ப் போட்டேன். எங்கே நின்றாலும் எல்லைக்கு வெளியேதான்.

கண்ணை மூடினால் அந்த ஜீப்பின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. பின்பெட்டியின் துளைக்கு ஒரு கையகலத்தில் ஹேண்ட் பிரேக் டிரம் இருக்கிறது. உப்பின ரப்பர் கிளாம்ப்பைவிட்டு மெல்ல நழுவும். கசிகிற எண்ணெய் நேராக டிரம்முக்குத்தான் போகும். டிரம்மில் எண்ணெய் பட்டால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி. மேட்டில் நிறுத்தி ஆள் ஏற்றும்போது வண்டி பின்னால் உருளும். ஹோஸ் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டால் அதைவிட மோசம். எண்ணெய் முழுக்கக் கொட்டி, இறக்கத்தில் கியர் பாக்ஸ் இறுகிவிடும்.

“சாப்பிட்டுப் போ” என்றாள். ஒரு வாய் வைத்தேன். டூல் பையையும் கியர் ஆயில் கேனையும் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

ஓசூரில் சிப்காட் பக்கம் ஒரு ஹோஸ் கடை இருக்கிறது. அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. கம்பெனி ஃபிட்டர்கள் நம்பர் சொல்லி வாங்குகிற கடை. கவுன்டரில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் முறை வந்தது.

“எத்தன பார் பிரஷர்?” என்றார் கவுன்டர்காரர்.

“ஜீப்பு கியர் ஆயில். பிரஷர் இல்ல. சூடு இருக்கும்.”

ஒரு ஹோஸ் சுருளிலிருந்து முழம் போட்டு வெட்டப் போனார். அது முழுக்கக் கறுப்பு. கோடே இல்லை. என் கணக்குப்படி தண்ணீர் ஹோஸ்.

“இது எண்ணெய்க்குதானா?”

“அதான் மேலயே எழுதியிருக்குதே.”

“எனக்கு அந்த எழுத்து தெரியாது. படிச்சுச் சொல்லுங்க.”

எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். ஆனாலும் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியது மாதிரி இருந்தது. காது சுட்டது. கவுன்டர்காரர் ஹோஸை என் பக்கம் திருப்பி, நகத்தால் கீறிக் காட்டினார். “இங்க பாருங்க. முட்டை, குச்சி, மடக்கின குச்சி. ஆயில். இந்த மூணு இல்லாம எதையும் போடாதீங்க.” பின்னாலிருந்து ஒருவர், “எனக்கும் இப்பதாம்பா தெரியுது, நானும் கோட்டப் பாத்துதான் வாங்குறேன்” என்றார். சிலர் சிரித்தார்கள். திரும்பிப் பார்க்க எனக்கு நேரம் இல்லை.

தேன்கனிக்கோட்டை தாண்டி காட்டுக்குள் ரோடு வளைய ஆரம்பித்ததும் என் கண் தார் மேலேயே இருந்தது. ஈரமாக ஏதாவது தெரிந்தால் வண்டியை நிறுத்தி, குனிந்து தொட்டு மோந்து பார்த்தேன். ஒரு இடத்தில் மாட்டு மூத்திரம். ஒரு இடத்தில் டேங்கர் சிந்திய தண்ணீர். அஞ்செட்டி பஸ் நிறுத்தத்தில் டீக்கடைக்காரரிடம் பச்சை ஜீப்பைக் கேட்டேன்.

“ரெண்டு நட போய் வந்துட்டான். இப்ப மேல போயிருக்கான், ஆள் ஏத்திகினு எறங்குவான். ஏன், எதனா வம்பா?”

இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். இரண்டு நடை போய் வந்திருக்கிறது என்றால் இன்னும் பிய்யவில்லை. அது ஆறுதலா, இல்லை அடுத்த நடைதான் அந்த நடையா என்று தெரியவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

நாட்றாம்பாளையம் தாண்டி மண்பாதையில் மூன்றாவது ஏற்றத்தின் தலையில் ஜீப் நின்றது. மூக்கு இறக்கத்தைப் பார்த்து இருந்தது. முன்சக்கரத்துக்கு ஒரு பெரிய கல் முட்டுக் கொடுத்திருந்தது. உள்ளே பத்துப் பேருக்குக் குறையாது. கழுத்தில் கம்பெனி கார்டு மாட்டிய இரண்டு பேர் பின்னால் தொற்றிக்கொண்டு நின்றார்கள். மடியில் ராகி மூட்டையோடு ஒரு அம்மா முன்சீட்டில் இருந்தார். டிரைவர் குனிந்து கல்லை எடுக்கப் போனார்.

“கல்ல எடுக்காதீங்க” என்றேன். பைக்கை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. அது சாய்ந்து விழுந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அட, நம்ம மேஸ்திரி. இன்னாண்ணா, மலைக்கு பொண்ணு பாக்க வந்தீங்களா?”

“ஹேண்ட் பிரேக் புடிக்குதா?”

“நேத்துலருந்து புடிக்கல. அதான் கல்லு. பழைய வண்டி, ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும்.”

“அது வண்டி இல்ல. நாந்தான்” என்றேன். “நா போட்ட ஹோஸ் தப்பு. தண்ணி ஹோஸ போட்டுட்டேன். எல்லாரும் எறங்கணும்.”

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ராகி மூட்டை அம்மா, “வருசக்கணக்குல ஓடும்னு சொன்னது இந்த ஆளா?” என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் அதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். கார்டு மாட்டிய ஒருவர், “ஷிஃப்டு பஸ் போயிடும்ணா” என்று முனகினார். டிரைவர் அடியில் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து, “எறங்குங்க எல்லாரும்” என்றார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

ஹோஸ் பின்பக்க நிப்பிளில் பாதிக்கு மேல் கழன்று வந்திருந்தது. தொட்டதும் என் கையோடு வந்துவிட்டது. ஒரு விரல்கடை அளவுதான் பிடிமானம் இருந்தது. டிரம் முழுக்க எண்ணெய், அதன்மேல் மண் அப்பியிருந்தது. புது ஹோஸை மாட்டி கிளாம்ப்பை முறுக்கினேன். டிரம்மைக் கழற்றி, லைனிங்கைத் தேய்த்து, பெட்ரோல் விட்டுத் துடைத்தேன். சட்டை முனையைப் பெட்ரோலில் நனைத்து மறுபடி துடைத்தேன். குறைந்திருந்த அளவுக்கு எண்ணெய் ஊற்றினேன். வெளியே யாரோ என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கன்னடத்தில் திட்டியதால் பாதிதான் புரிந்தது.

எழுந்து கையைத் துடைத்தேன். போகலாம் என்றேன்.

“எங்க போறது? முன்னாடி ஏறு” என்றார் டிரைவர். ‘அண்ணா’ காணாமல் போயிருந்தது. “எங்க மலையில வண்டிக்கு அடியில கை வெச்சவன் மொத எறக்கம் கூட ஒக்காந்து வரணும். சனிக்கெழம உன் ஷெட்டுல எறக்கம் இல்ல, விட்டுட்டேன். பைக்கு இங்கயே கெடக்கட்டும், திரும்பறப்ப கொண்டாந்து விடறேன்.”

நான் ஏறினேன். ராகி மூட்டையை அந்த அம்மா பாதி என் மடியில் தள்ளினார். “நீ ஏறுனாதான் நாங்க ஏறுவோம்” என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

இரண்டாவது கியரில் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் நான் காலுக்கடியில் கேட்டுக்கொண்டே வந்தேன். கற்கள் தெறிக்கிற சத்தமெல்லாம் எனக்கு வேறு சத்தமாகக் கேட்டது. எண்ணெய் வாடை வந்தது, அது என் கையிலிருந்தே வருகிறதா என்று மோந்து பார்த்தேன். பின்னால் எல்லாரும் வெங்காய விலை பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களால் எப்படி முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பாதி இறக்கத்தில், நல்ல சரிவில், ஒரு ஆள் இறங்க வேண்டும் என்று தட்டினார். டிரைவர் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார். கல் வைக்கச் சொல்லவில்லை. இறங்கியவர் மூட்டையை இறக்கி, துண்டை உதறி, யாரிடமோ விட்ட பேச்சைத் தொடர்ந்து பேசி முடிக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“ஏன்யா, மூட்ட இப்பிடி குலுங்குது?” என்றார் அந்த அம்மா.

“வண்டி ஆட்டம்மா.”

“வண்டி நின்னு எவ்ளோ நேரம் ஆச்சு.”

நான் மூட்டையை அவர் மடிக்கே நகர்த்திவிட்டுக் கீழே இறங்கினேன். சரிவில் முட்டி போட்டு, டிரம்மையும் நிப்பிளையும் விரலால் தடவிப் பார்த்தேன். விரல் காய்ந்தே இருந்தது. இன்னொரு முறை தடவினேன்.