ஃபியூஸைப் பிடுங்கியவர்

அந்த நகரத்தில் மீட்டர்காரர் அடி வாங்காத தெரு குறைவு. பன்னிரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவர். அப்போதெல்லாம் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். பிறகு மொட்டைமாடிகளில் சோலார் வந்தது, தெருவெல்லாம் பேட்டரி வண்டி வந்தது. கூடவே, யார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரே பார்த்து, அளவு மீறினால் அதுவே நிறுத்திவிடுகிற மீட்டரும் வந்தது. அதை மாட்டும் வேலை இவர் தலையில் விழுந்தது. நிறுத்துவது எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர், உதை மட்டும் இவருக்கு. என்ன நியாயமோ! ஒரு வீட்டில் செருப்படி, இன்னொரு வீட்டில் முன்பல் போனது. படிக்கிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்களே, துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

அன்று உச்சிவெயிலில் தச்சன் ஒருவன் ஓடிவந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். போன வாரம் அவன் வீட்டில் மீட்டர் மாட்டியது இவர்தான்.

"யோவ், கரண்ட் போச்சு! அம்மாவோட ஆக்சிஜன் மெஷின் நின்னுபோச்சு. மூச்சு இழுக்குதுய்யா!"

தரதரவென்று இழுத்துப் போனான். கட்டிலில் அவன் அம்மா வாயைப் பிளந்து துடித்துக்கொண்டிருந்தாள். மரம் அறுக்கும் மெஷினும் ஆக்சிஜன் மெஷினும் சேர்ந்து ஓடியதில் மீட்டர் தானாகவே கரண்டை நிறுத்தியிருந்தது. திரும்ப விடுவது ஆபீஸ் கையில்தான்; அங்கே போன் போட்டால் பாட்டுதான் கேட்டது.

"இரு, மீட்டரை விட்டுட்டு நேரா கொடுத்துடறேன்," என்று மீட்டரில் ஆபீஸ் வைத்த சீலை உடைத்து மூடியைக் கழற்றினார். வேலை போனால் போகட்டும். கம்பியைத் தொட வேண்டுமானால் முதலில் ஃபியூஸைப் பிடுங்கியாக வேண்டும். பிடுங்கினார்.

ஃபியூஸைப் பிடுங்குவது என்றால் ஊருக்கே ஒரே அர்த்தம்தான், கரண்டை வெட்டுவது.

"ஃபியூஸையே பிடுங்குறியா, படுபாவி!"

தச்சனின் மரச் சுத்தியல் அவர் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவருக்கே கேட்டது. அடுத்தது தோளில். மூன்றாவது காதோரம், ரத்தம் கொட்டியது.

"அடேய் முட்டாப்பயலே! பிடுங்கினாத்தான்டா கம்பியைத் தொட முடியும்!"

அப்போதுதான் சுத்தியல் நின்றது. இவர் சொல்லச் சொல்லத் தச்சனே கம்பிகளை முறுக்கினான், ஃபியூஸைச் செருகினான். விளக்கு எரிந்தது. மெஷின் காற்றை ஊதியது. இழுத்துக்கொள்ள அவளிடம் மூச்சு இல்லை.

தச்சன் அம்மாவின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பிறகு திரும்பினான்.

"அண்ணே... நான் அடிக்காம இருந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் உடைந்த கை எரிந்தது, வயிறும் எரிந்தது.

"பிழைச்சிருப்பாங்கடா," என்றார்.

தச்சன் சுவரில் தலையை மோத ஆரம்பித்தான். நாலாவது மோதலில் சுவரெல்லாம் ரத்தம். மீட்டர்காரர் மிச்சமிருந்த ஒரு கையால் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, விடாமல் பின்னால் இழுத்தார்.