சாமை விளையும் ஊட்டி

கலசப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே ஜவ்வாது மலை தெரியும். அந்த மலைக்குப் பின்னால்தான் ஊட்டி இருக்கிறது என்று அப்பா சொன்னபோது எனக்கு எட்டு வயது. இன்றைக்கு வரைபடத்தை விரித்துப் பார்த்தாலும் அதைச் சுத்தப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மலையைத் தாண்டி, கொஞ்சம் தெற்கே திரும்பி, நாலைந்து மாவட்டங்களைக் கடந்தால் ஊட்டி வரத்தான் செய்யும்.

அப்பா ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். முதலாளி குடும்பம் கோடைக்குக் கோடை ஊட்டிக்குப் போய்வரும். வரும்போது கடையில் வேலை செய்பவர்களுக்கு ஆளுக்கொரு தைலப் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் அந்தப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. யாருக்குத் தலை வலித்தாலும் வீடு முழுக்க ஊட்டி மணக்கும். எனக்கும் தம்பிக்கும் ஊட்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த வாசனையும், அங்கே குளிரும் என்ற செய்தியும்தான்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நாங்கள் இருவரும் ஊட்டி ஊட்டி என்று அப்பாவின் உயிரை எடுத்தோம். கேட்டால் கிடைக்காது என்பது தெரிந்துதான் கேட்டோம். வெளியூர் போய்ச் சாப்பிடுவது என்பதே எங்கள் வீட்டில் யாராவது வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் நடக்கும். ஆனால் ஒரு நாள் கடையிலிருந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல், வருகிற லீவு நாளில் ஊட்டிக்குப் போகலாம் என்றார். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாமாம். அப்படி ஒரு ஊட்டி உண்டா என்று கேட்கிற அறிவு எங்களுக்கு இல்லை. அம்மாவும் கேட்கவில்லை. அடுப்படியில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஊட்டி என்றதும் அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இன்னொருவர் இருந்தார். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. மாமா காலமானதும் எங்களோடு வந்து இருந்துவிட்டவர். அன்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் நானும் தம்பியும் எங்கே போய்விட்டு வந்தாலும், யார் வீட்டுக்குப் போனோம், என்ன கொடுத்தார்கள், யார் யாரோடு பேசினார்கள் என்று எல்லாவற்றையும் எங்கள் வாயிலிருந்து பிடுங்கிவிடுவார். குடும்ப கௌரவம் அவர் பொறுப்பில் இருந்தது. இந்த வீட்டுப் பெண்கள் யாரும் கூலிக்குப் போனவர்கள் இல்லை என்று மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும் என்பதால் அவர் எங்களோடு வரவில்லை.

ஊட்டிக்குப் போகிறவர்கள் எப்படிப் போக வேண்டுமோ அப்படியே போனோம். எனக்கு எதிர் வீட்டு அக்காவின் ஸ்வெட்டர். தம்பிக்கு, யாரோ சபரிமலைக்குப் போட்டுப் போன குரங்குக் குல்லா. காலை ஆகாரத்துக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி அம்மா தூக்கில் அடுக்கிக்கொண்டாள். மதியச் சாப்பாடு மட்டும் ஓட்டலில் என்று அப்பா அறிவித்துவிட்டார். போளூரில் இறங்கி, மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தோம். பஸ்ஸின் நெற்றியில் ஜமுனாமரத்தூர் என்று எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசிப்பதில் கெட்டிக்காரி. சத்தமாக வாசித்தேன்.

அப்பா அசரவில்லை. “ஊட்டின்னா சின்ன ஊரா? அதுல இது ஒரு ஏரியா” என்றார்.

மலையேறும் பாதையில் வளைவுக்கு வளைவு நாங்கள் கூச்சல் போட்டோம். அம்மா சாதாரணமாகப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் வெளியே பார்த்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் உதடுகள் அசைந்தன. பள்ளத்தைப் பார்த்துப் பயந்து சாமி பேரைச் சொல்கிறாள் என்று தம்பியிடம் ரகசியமாகச் சொன்னேன்.

ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பலாப்பழ வாசனை முகத்தில் வந்து மோதியது. குவியல் குவியலாகப் பலா, புளி, மூட்டைகளில் சாமை, கேழ்வரகு. காற்று இதமாகத்தான் இருந்தது. ஆனால் சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்கு இல்லை. அத்தனை பெரிய சந்தையில் குரங்குக் குல்லா போட்டிருந்தது என் தம்பி ஒருவன்தான். அவன் வேர்த்து வழிந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். அவன் கீழுதடு பிதுங்க ஆரம்பித்தது. அது பிதுங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அப்பா வேகமாக எங்களைச் சந்தையின் கடைசிக்கு நடத்திப் போனார். அங்கே ஒரு பெண்மணி பலாச்சுளை எடுத்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். எண்ணெய் பூசிய கையும் கத்தியுமாக இருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி அவரிடம் நேரே போய், குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, இது ஊட்டியா இல்லையா என்று கேட்டுவிட்டான்.

அப்பாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். இல்லை என்று அந்தப் பெண்மணி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எங்கள் ஊட்டி அதோடு போயிற்று. பள்ளிக்கூடம் திறந்ததும் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது.

அவர் அம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து தம்பியின் வேர்த்த தலையைத் தன் முந்தானையால் துடைத்தார்.

“ஊட்டிதான் சாமி. பின்ன இன்னா? இந்த மாதிரி பலா வேற எங்க காய்க்கும்?”

தம்பி சமாதானமாகிவிட்டான். ஆளுக்கொரு கை நிறையச் சுளை கிடைத்தது. ஊட்டிக்காரர்கள் இவ்வளவு நல்லவர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

அடுத்தது படகு. ஏரியில் மிதிபடகுகள் இருந்தன. அம்மாவுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், அவள் இந்த அம்மாவோடு இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், நாம் மட்டும் போகலாம் என்றார் அப்பா. எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. எங்கள் ஊர்ப் பாசனக் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்து நீந்துகிறவள் அம்மா. எனக்கு நீச்சல் பழக்கியதும் அவள்தான். ஆனால் ஊட்டித் தண்ணீர் வேறு மாதிரி இருக்கும் போல என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன்.

படகில் நானும் தம்பியும் மிதித்தோம். அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை. படகு லேசாகச் சாய்ந்தாலும் கண்ணை மூடிக்கொண்டார். கரைக்கு வந்ததும், இறங்கலாம் என்று நாங்கள் எழுந்தபோது, அவர்தான் படகுக்காரரிடம் இன்னொரு சுற்றுக்குக் கேட்டார். அதற்குப் பிறகும் ஒரு சுற்று. எங்களுக்குக் கால் வலித்தே போய்விட்டது.

அங்கிருந்து நேராக ஓட்டலுக்குப் போனோம். இரண்டு பெஞ்சு போட்ட சின்னக் கடை அது. வாசலில் பரோட்டாக் கல் சூடாக இருந்தது. ஓட்டலில் சாப்பிடுவதற்கு அப்பாவிடம் ஒரு முறை உண்டு. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை அது மூழ்கும்வரை வாங்கி ஊற்றி, ஊறவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஊறினால் ஒன்று இரண்டாகிவிடும். சால்னா கேட்டால் கேட்டபடி கொடுப்பார்கள். கேட்கக் கூச்சப்படக் கூடாது, கேட்கும்போது “அண்ணே” என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அன்றைக்குச் சாப்பிட்டதுபோல் ஒரு பரோட்டாவை அதற்குப் பிறகு நான் எந்த ஊரிலும் சாப்பிடவில்லை. இதை என் கணவரிடம் சொன்னால் அவர் நம்புவதில்லை. அம்மாவுக்கும் ஒரு பார்சல் வாங்கிக்கொண்டு ஆற அமர நடந்து திரும்பினோம்.

அம்மா பலாக்காரப் பெண்மணியின் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கேட்டதற்குப் புகை என்றாள். எங்கேயும் அடுப்பு எரியவில்லை. அவள் மடியில் ஏதோ கனமாக முடிந்திருந்தது. கிளம்பும்போது அந்தப் பெண்மணி அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, “போய்ட்டு வா. இது உன் வூடு” என்றார். ஊட்டியில் எல்லோரையும் இப்படித்தான் வழியனுப்புவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அம்மா பரோட்டாப் பார்சலைத் தொடவில்லை. பசியில்லை என்று சொல்லி எங்களிடம் கொடுத்துவிட்டாள். பின்னாளில், கல்லூரி விடுதியில் இதை நினைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடந்தாளே என்று ஒரு நாள் அழுதிருக்கிறேன். அந்த அழுகையும் வீண். அன்றைக்கு அவள் பலாக்காரப் பெண்மணி தூக்கில் கொண்டுவந்திருந்த சாமைச் சோறும் புளிக்குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாள்.

வீடு வந்து சேர்ந்ததும் விசாரணை ஆரம்பமானது. பஸ் பலகையில் எழுதியிருந்தது முதல் குல்லாவுக்குச் சிரித்தவர்கள் வரை நானே ஒப்பித்தேன். அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே அம்மாவின் பையைத் திறந்து, மடியிலிருந்து அதற்கு மாறியிருந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தவர் ஒரு பிடி சாமையை அள்ளி எடுத்தார். அதில் ஒரு மஞ்சள் கிழங்கும் வந்தது. சிரிப்பு நின்றது.

“ஏன்டா, ஊட்டியில சாமையா வெளையுது?”

கேள்வி அப்பாவுக்கு. ஆனால் அத்தையின் கண் அம்மாவின் மேல் இருந்தது. அம்மா முந்தானையின் நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“நான்தான் வாங்கனேன்” என்றார் அப்பா. “சல்லிசா கெடச்சிது. ஊட்டிக்குப் போற காசுல இதான் முடியும். பசங்களுக்கு இன்னா தெரியப்போவுது.”

அவ்வளவுதான். அத்தை இந்தக் கதையைத் தெருவில் சொன்னார், தெரு கடையில் சொன்னது. அப்பாவுக்கு ஊட்டிக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. பிள்ளைகளை ஏமாற்றி ஜமுனாமரத்தூரை ஊட்டி என்று காட்டிய மகா கஞ்சன். கல்யாண வீடுகளில், காதுகுத்தில், எங்கே போனாலும் யாராவது ஊட்டியில் மழை எப்படி என்று கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். விவரம் தெரிந்த வயதில் எனக்கு அது அவமானமாகவும் இருந்தது. நானும் தம்பியும்கூட அந்தப் பெயரைச் சொல்லி அவரைச் சீண்டியிருக்கிறோம்.

அப்பா போய்ச் சேர்ந்து முதல் வருஷப் படையல். அவருக்குப் பிடித்ததென்று தம்பி பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவந்து இலையில் வைத்தான். அத்தைக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது, வாய் தளரவில்லை. ஊட்டிக்காரனுக்கு சால்னா பத்தாது, இன்னும் ஊற்று என்றார். எல்லோரும் சிரித்தோம். அழுவதற்கு முன்னால் வருகிற சிரிப்புதான்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அவரு கஞ்சத்தனத்துக்குப் போவல அண்ணி. எனக்காகப் போனாரு” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தாயில்லாப் பெண்ணான அவளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வருஷா வருஷம் புளி உலுக்கும் காலத்தில் மலைக்குக் கூலிக்குப் போவாராம். அந்த மாதங்களில் தங்கியது அந்தப் பலாக்காரப் பெண்மணியின் வீட்டில். தலை வாரிவிட்டது, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தது எல்லாம் அவர்தான். கூலிக்குப் போகாத பெண் என்று சொல்லித்தான் இந்த வீட்டில் சம்பந்தம் பேசினார்கள். அதனால் அந்தப் பெண்மணிக்குக் கல்யாணத்துக்குக்கூடச் சொல்ல முடியவில்லை. அம்மா தன் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். துணியெடுக்க மலையிலிருந்து வந்த அந்தப் பெண்மணி ஒரு நாள் அப்பாவின் கடைக்கே வந்து, கலசப்பாக்கத்தில் இப்படி ஒரு பெண் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்திருக்கிறார். அன்று சாயங்காலம்தான் அப்பா சட்டையைக் கழற்றாமல் ஊட்டி என்றார். பிறந்த வீட்டிலிருந்து போகிற பெண்ணுக்கு மடியில் தானியமும் மஞ்சளும் கட்டி அனுப்புவார்கள் அல்லவா, அது அம்மாவுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அந்தச் சந்தையில்தான் நடந்தது. பஸ்ஸில் அவள் சொல்லிக்கொண்டு வந்தது சாமி பேர் இல்லை, அந்தந்தத் திருப்பத்தில் இருக்கிற ஊர்களின் பேர்.

அத்தை இலையைப் பார்த்தார். “சாமையில மஞ்சா கெடந்திச்சி. அப்பவே எனக்குத் தோணுச்சி” என்றார். தம்பியிடமிருந்து சால்னாப் பாத்திரத்தை வாங்கி அவரே அப்பாவின் இலையில் ஊற்றினார்.

எனக்கு அந்த ஏரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் இறங்கவே யோசிப்பார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கம்பியை விடாமல், இன்னொரு சுற்று என்று அவர் கேட்டபோது, படகு சவாரி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்றுதான் எட்டு வயதில் நான் நினைத்தேன்.