எங்கள் பெயரில் வந்த உதவி

அந்தத் தொழிற்பயிற்சிக் கல்லூரியின் பணிப்பாளரை எனக்கு முதல்நாளே பிடிக்கவில்லை. ஏன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. காரணங்களைப் பிறகு அவரே ஒவ்வொன்றாகத் தந்தார்.

நான் நாரந்தனையைச் சேர்ந்தவள். பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனேன். கடைசிச் சண்டையில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தபோது அம்மாவும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டேன். அத்தானுக்குக் கடல்தொழில். படகின் எஞ்சின் பழுதானால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தொழில் இல்லாத அந்த நாட்களில், இருந்து சாப்பிடுகிற என்மேல்தான் எல்லோருடைய எரிச்சலும் திரும்பும். எஞ்சின் திருத்தப் படிப்போம் என்று முடிவெடுத்தது அந்த எரிச்சல் தாங்காமல்தான்.

ஊர்காவற்றுறைப் பக்கம் இருந்த அந்தக் கல்லூரிக்கு வெளிநாட்டிலிருந்து நிதி உதவி கிடைத்திருந்தது. முன்னாள் போராளிகளைச் சேர்த்துப் படிப்பிக்கும் கல்லூரிகளுக்கென்று வந்த காசு. நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்தோம். அதில் எழுவைதீவிலிருந்து வந்த ஒரு அண்ணைக்கு ஒரு கண் பார்வை இல்லை. தினமும் படகில் வந்துபோக ஏலாதென்பதால் கல்லூரியிலேயே ஒரு கட்டிலும் சாப்பாடும் கொடுத்திருந்தார்கள். அதிகம் கதைக்க மாட்டார். துறைப் பக்கம் போகும் படகின் எஞ்சின் சத்தத்தை வைத்தே பழுது எங்கே என்று சொல்லிவிடுவார்.

முதல் மாதமே பணிப்பாளர் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு ரீசேட் சட்டை தந்தார். முதுகில் பெரிய எழுத்தில் 'முன்னாள் போராளி மாணவர்' என்று அச்சடித்திருந்தது.

"இதைப் போட்டுக்கொண்டுதான் வரவேணும்" என்றார்.

"சேர், இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில ஏறினால் விசாரிக்க வாற ஆமிக்காரர் என்னைத் தேடித் திரியத் தேவையில்லை" என்றேன்.

"உதவி தாறவைக்குப் படம் அனுப்பவேணும் பிள்ளை. சும்மா குறை பிடியாதையும்."

நான் போடவில்லை. மற்றவர்கள் போட்டார்கள். காசு கட்டிப் படித்த பெடியள் அதைப் பார்த்துவிட்டு, "ஓசிப் படிப்பு வருகுது" என்று எங்கள் காதில் விழவே சொல்லுவார்கள். தேநீர் குடிக்கும் நேரத்தில் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஆசிரியர்கள் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தார்கள்.

அந்தக் காசில் எங்களுக்கென்று ஒரு அறை கட்டினார்கள். மேல்மாடியில். ஒன்பது பேரில் மூன்று பேருக்குக் கால் இல்லை. முதல்நாள் நான் ஒவ்வொரு படியாக இருந்து இருந்து ஏறிப் பார்த்தேன். குளிரூட்டி, மெத்தைக் கதிரைகள், பெரிய மேசை. பிறகு அது பூட்டியே கிடந்தது. பணிப்பாளரைப் பார்க்க ஆட்கள் வந்தால் மட்டும் திறந்து தேநீர் கொடுப்பார்கள். கீழே எங்கள் பட்டறையில் கழற்றிப் பூட்டிப் பழக இருந்தது ஒரேயொரு எஞ்சின். அதற்கும் கார்பரேட்டர் இல்லை.

ஒருநாள் அலுவலகத்தில் வேலைசெய்யும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு முகம் வெளிறியிருந்தது.

"நான் காட்டினனான் எண்டு சொல்லிப்போடாதையும்" என்று ஒரு கோப்பைத் திறந்தார்.

அடுத்த வருஷத்துக்கும் உதவி கேட்டு அனுப்பிய விண்ணப்பம். நடுப்பக்கத்தில் நான். பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. புதிய பொய்க்காலுக்கு அளவு பார்க்கவென்று சொல்லிக் கல்லூரியில் எடுத்த படம் அது. கீழே இங்கிலீசில் என் கதை. அக்கா வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். நான் குறிகட்டுவான் துறையில், நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறவர்களிடம் பிச்சை எடுத்துக்கொண்டு கிடந்தேனாம். கல்லூரிதான் என்னைத் தூக்கி எடுத்ததாம்.

நேரே அவருடைய அறைக்குப் போனேன். இருக்கச் சொன்னார், இருக்கவில்லை.

"ஆரைக் கேட்டு என்ர படத்தைப் போட்டனீங்கள்? நான் எப்ப பிச்சை எடுத்தனான்?"

அவர் யார் காட்டியது என்றுதான் முதலில் கேட்டார். நான் சொல்லவில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் உருக்கமாய் எழுதினால்தான் அவை தருவினம். உங்களுக்காகத்தானே செய்தனான்."

"எங்களுக்காக எண்டால் எங்களுக்குச் சொல்லியிருப்பியள்."

"நீர் நன்றி இல்லாத ஆள்."

"ஓம், இல்லாத ஆள்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து உதவி கொடுத்தவர்கள் பார்க்க வந்தார்கள், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் இன்னொருவரும். பணிப்பாளரே மொழிபெயர்த்தார். எல்லோரும் மேல்மாடிக்கு ஏறினார்கள். நான் படியின் அடியில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். அந்தப் பெண் இறங்கி வந்து, ஏன் மேலே வரவில்லை என்று கேட்டார். நான் காலைக் காட்டி, படியைக் காட்டி, அறை எப்போதும் பூட்டித்தான் கிடக்கும் என்று தமிழில் சொன்னேன். பணிப்பாளர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அதில் 'தாங்க்யூ' என்ற சொல் இருந்தது. அந்த அளவு இங்கிலீசு எனக்கும் தெரியும். எழும்பி நின்று, படம் பொய், கதை பொய், நான் பிச்சைக்காரி இல்லை என்று எனக்கு வந்த உடைந்த இங்கிலீசில் கத்தினேன். அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. பணிப்பாளர் என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அடுத்த மாதமே உதவி நின்றது. பணிப்பாளருக்கு ஒன்றும் நடக்கவில்லை. எழுவைதீவு அண்ணையின் கட்டிலையும் சாப்பாட்டையும்தான் முதலில் நிறுத்தினார்கள்.

அவர் போகிற அன்று துறைக்குப் போனேன். ஒரு பையோடு படகுக்குக் காத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

"அண்ணை, நான் உங்களுக்கு வேற இடம் பாக்கிறன்" என்றேன்.

"பாத்தது காணும்" என்றார். "உமக்கு மானம் போச்செண்டு கத்தினீர். சரி. நான் அந்த ரீசேட்டையும் போட்டுக்கொண்டு, அவையின்ர சிரிப்பையும் பொறுத்துக்கொண்டு இருந்தனான். எனக்குப் படிப்பு முடிஞ்சால் காணும். கத்த முதல் எங்கள் எட்டுப் பேரில ஒராளையாவது கேட்டனீரோ?"

படகு வந்தது. அவர் பையைத் தூக்கினார்.

"அவர் உம்மைக் கேக்காமல் உம்மட படத்தைப் போட்டார். நீர் எங்களைக் கேக்காமல் எங்கட படிப்பை நிப்பாட்டினீர்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

மற்ற ஏழு பேரில் மூன்று பேர் படிப்பை விட்டு நின்றுவிட்டார்கள். நான் அத்தானிடம் வாய்ச்சண்டை போட்டுக் காசு வாங்கி, கட்டணம் கட்டி, ஓசிப் படிப்பு என்று சொன்ன அதே பெடியளுக்குப் பக்கத்தில் இருந்து படித்து முடித்தேன். இப்போது மண்டைதீவில் கடற்கரை வீதியோரம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் பெண்ணிடம் எஞ்சினைக் கொடுக்கத் தயங்கியவர்கள் இப்போது விடிய முன்னமே வந்து நிற்கிறார்கள்.

பட்டறை தொடங்கிய வருஷம் எழுவைதீவுக்குப் போகும் படகுக்காரர் ஒருவரிடம் அண்ணைக்குச் சொல்லி அனுப்பினேன்: சேர்ந்து வேலை செய்யலாம், தங்க இடமும் இருக்கிறது என்று. ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது.

"அவவின்ர தயவும் ஒரு தயவுதான், எனக்கு வேண்டாம் எண்டு சொல்லச் சொன்னார்" என்றார் படகுக்காரர்.

அன்று கத்தியதற்காக நான் வருந்தவில்லை. அந்தப் பணிப்பாளரை இன்றைக்கும் வெறுக்கிறேன். ஆனால் கத்துவதற்கு முதல் மற்ற எட்டுப் பேரிடமும் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க ஒருமுறை எழுவைதீவுக்கே போனேன். அண்ணை வீட்டு வேலிக்குள்ளே இருந்துகொண்டு வெளியே வரவில்லை. அடுத்த படகு வரும்வரை துறையில் வெயிலுக்குள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.