நாலாவது ஆளுக்கு ஒரு கல்

பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. சித்திரை வெயிலில், மதுரைக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவில். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கூடப் போன மெக்கானிக் அழகுபாண்டி அலங்காநல்லூரில்தான் பட்டறை வைத்திருக்கிறான். நம்பாதவர்கள் போய்க் கேட்கலாம். அந்தக் காரின் பேச்சை எடுத்தால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவான், அவ்வளவுதான்.

சிவராம் பல் டாக்டர். திருநகரில் வீடு, வீட்டின் முன்னறையிலேயே கிளினிக். தங்கமான மனுஷன். ஊசி போடுவதற்கு முன்னால் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போடுவார். ஒரே மகள் சாருலதா, ஆறு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அவள் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும். அதற்கு அடுத்தபடி அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. பழைய கார்.

போன சித்திரையில் இணையத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். 1986 மாடல் ஜெர்மன் கார். சிவப்பு. இரண்டே கதவு. நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் பலம் போகும் ஸ்போர்ட்ஸ் கார். துபாயிலிருந்து கப்பலில் வந்ததால் ஸ்டியரிங் இடது பக்கம். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட வீட்டில் விற்பனைக்கு நிற்கிறது. படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு வாசலில் பேஷண்ட் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

போன் போட்டார். சரண்யாதேவி என்ற அம்மாள் எடுத்தாள். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல் கேள்வியே,

"எத்தன பேரு வாரீங்க?"

நானும் மெக்கானிக்கும், இரண்டு பேர் என்றார். பாட்டரி இறங்கிக் கிடக்கிறது, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். மனைவி பிருந்தாவும் மகளும் வருகிறார்கள், நாலு பேர் என்றார். நான் ஊரில் இல்லை என்றாள். மூன்றாவது தடவை பிருந்தாவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. நான், மெக்கானிக், என் மகள், மொத்தம் மூன்று பேர் என்றார். அவள் உடனே நாள் குறித்துவிட்டாள்.

"நாளைக்கே வாங்க. உச்சிக்கு முன்னாடி வந்துருங்க."

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். ஆசை கண்ணை மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பகல் 11.35க்குப் போய்ச் சேர்ந்தார்கள். காவல்காரக் காளை கேட்டைத் திறந்துவிட்டான். கார் நின்ற பக்கம் மட்டும் அவன் திரும்பவே இல்லை. சரண்யாதேவிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த வெயிலிலும் மணிக்கட்டுவரை மூடிய ரவிக்கை. இடது கையில் இரண்டு விரல்கள் கோணியிருந்தன. உடைந்து, சரியாகக் கட்டாமல் கூடிய எலும்பு என்று டாக்டர் கண்ணுக்குப் பட்டது. ஆனால் கண் உடனே காருக்குப் போய்விட்டது.

கார் அரண்மனை யானை மாதிரி நின்றது. அழகுபாண்டி சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எல்லாம் சுத்தம். வலது பக்கக் கண்ணாடியில் மட்டும், ஒரே இடத்தில், குத்திக் குத்தி எடுத்த மாதிரி சின்னச் சின்னத் தழும்புகள். விரலால் தடவிப் பார்த்தான்.

"வெளிய இல்லண்ணே. உள்பக்கம்."

ஓட்டிப் பார்க்கலாம் என்றாள் அந்த அம்மாள். பின் அச்சில் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும், அதனால் பின்னால்தான் உட்காருவேன் என்று அழகுபாண்டி சாருவோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டான். டாக்டர் இடது பக்கம் ஸ்டியரிங்கில். அவருக்குப் பக்கத்தில், வலது சீட் காலி.

மூன்று பேராகக் கிளம்பக்கூடாது என்றாள் சரண்யாதேவி. நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதானே. மூன்று பேராகப் போனால் காரியம் விளங்காது, ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாக வைத்துக்கொள் என்பார்கள். பிருந்தாவும் சொல்வாள். டாக்டர் சிரித்துக்கொண்டே கல் தேடிக் குனிந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லை நீட்டினாள். கறுப்பு. உருண்டை. எண்ணெய்ப் பிசுக்கில் திருநீறு ஒட்டியிருந்தது.

"சும்மா வச்சா அது வெறும் கல்லு. வாய் விட்டுக் கூப்பிடுங்க. நீங்கதான் கூப்பிடணும்."

டாக்டர் கல்லை வலது சீட்டில் வைத்தார். மகள் சிரிக்கட்டும் என்று கைகூப்பினார்.

"வாங்க சார். எங்களோடயே வந்துருங்க."

சாரு கைதட்டிச் சிரித்தாள். காளை தலையைக் குனிந்துகொண்டான். சீட்டின் பஞ்சு மெல்ல... புஸ்ஸ்ஸ்... என்று அமுங்கியது. கல் உள்ளங்கை அளவுகூட இல்லை.

11.58. கிளம்பினார்கள். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. திருச்சி ரோட்டில் வளைவுகளில் நாலு சக்கரமும் தரையைக் கவ்விக்கொண்டன. டாக்டர் சின்னப் பையன் மாதிரி சத்தம் போட்டுச் சிரித்தார்.

12.06. புளிய மரத்தடியில் ஓர் இளநீர்க்காரர். நிறுத்தி, டாக்டர் தன் பக்கமிருந்து மூன்று விரலைக் காட்டினார். அவர் நேராக வலது பக்கம் போனார். நம் ஊரில் டிரைவர் அங்கேதானே இருப்பார். குனிந்தார். தலையாட்டினார். போய் இளநீர் வெட்டினார்.

நாலு கொண்டு வந்தார்.

மூன்றுதானே கேட்டோம் என்றான் அழகுபாண்டி.

"முன்னாடி இருக்க அய்யா நாலுன்னாரே."

வலது பக்கக் கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.

டாக்டர் கல்லைப் பார்த்தார். கல், கல்லாகத்தான் இருந்தது. வெயில் கிறுக்கு என்று அழகுபாண்டி முணுமுணுத்தான். சாரு மட்டும் இளநீரைத் தொடவில்லை. கையை மடியில் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"சிந்துனா அடிப்பாங்கப்பா."

யார் என்று கேட்டார். அவள் கண் கல் இருந்த சீட்டுக்குப் போனது.

வண்டியைத் திருப்பினார். மணி 12.14.

டக்...

வலது பக்கக் கண்ணாடி.

ஜல்லி தெறித்திருக்கும் என்றான் அழகுபாண்டி.

டக்...

உள்ளேயிருந்து.

சாரு சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் தாவப் பார்த்தாள். அழகுபாண்டி அவளை இழுத்துப் பிடித்தான்.

"விடுங்க மாமா... போகணும்..."

டக்.

பளார்.

சாரு அழவில்லை. கன்னத்தில் நாலு விரல். பெரிய விரல். ஒரு விரலின் அடியில் வட்டமாக... மோதிரத்தின் அச்சு.

12.25. கேட்டில் சரண்யாதேவி நின்றிருந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வட்ட வட்டமாகத் தழும்பு. குழந்தையின் கன்னத்தைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். காரு விக்கிறதுக்கில்ல என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாள். டாக்டர் திரும்பிப் பார்த்தபோது சீட்டில் கல் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பிருந்தா மகளின் கவுனைத் துவைக்கப் போட்டாள். பையிலிருந்து கல் விழுந்தது. டாக்டர் அதைக் கொண்டுபோய்க் கண்மாயில் எறிந்துவிட்டு வந்தார். காலையில் சாரு போட்டிருந்த புதுக் கவுனின் பையில் கல் இருந்தது. ஈரமாக.

அன்று முதல் தினமும் பகல் 12.14. அவர்கள் வீட்டு ஜன்னலில். டக்... டக்... சாரு சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடுவாள். மூன்றாவது தடவை தட்டுவதற்குள் ஜன்னலுக்குப் போய்விட வேண்டும் என்பாள். ஐந்தாம் நாள் பிருந்தா அவளைக் கட்டிப்பிடித்து நிறுத்திவிட்டாள். மூன்றாவது தட்டு கேட்டது. குழந்தையின் இடது சுண்டுவிரல், தாயின் மடியில் இருக்கும்போதே, மளுக்கென்று ஒடிந்தது. மறுநாள் கட்டுப் போட்ட கையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்புவதற்குள் மோதிர விரல்.

டாக்டர் அலறிக்கொண்டு கொட்டாம்பட்டிக்கு ஓடினார். அழகுபாண்டியும் கூடப் போனான். வீடு பூட்டிக் கிடந்தது. கார் மட்டும் வாசலில். காளை எல்லாவற்றையும் சொன்னான்.

சரண்யாதேவியின் புருஷன் அழகுமலை துபாயில் இருந்து வந்தவர். மோதிரத்தால் எதையாவது தட்டுவார். மூன்று தட்டுக்குள் அவள் வந்து நிற்க வேண்டும். தாமதித்தால் அடி, சூடு, விரல். பிறகு வாதம் வந்து காலும் ஒரு கையும் விழுந்தன. நல்ல கையால் அப்போதும் தட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயிலில், ஆஸ்பத்திரியிலிருந்து காரில் அழைத்து வந்தாள். அவள் ஓட்டினாள், அவர் வலது சீட்டில். வாசலில் நிறுத்தி, இறங்கி, உள்ளிருந்து திறக்க முடியாதபடி கதவைப் பூட்டிவிட்டுக் காருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

உள்ளே தட்டும் சத்தம் கேட்டுக் காளை ஓடி வந்திருக்கிறான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாளாம்.

"சும்மா இரு காளை. எண்ணிக்கிட்டிருக்கேன்."

மூன்றோடு நிற்கவில்லை. எம்புட்டு நேரமோ தட்டினார் என்றான் காளை. தட்டு நின்றபோது மணி 12.14. அவர் செத்த காரியத்துக்கு ஊன்றிய கல்லை ஆற்றில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். வீட்டுக்கு வந்தால் அது அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

காளை இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினான்.

"அம்மா ஊர விட்டுப் போயிட்டாங்க. கார டாக்டர்ட்ட குடுத்துரு, அவருக்குத் தேவைப்படும்னு சொன்னாங்க."

எதற்கு என்று அழகுபாண்டிக்கு விளங்கவில்லை. டாக்டருக்கு விளங்கிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்தக் கார் திருநகரில் அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். அதே சிவப்புக் கார், நல்ல கண்டிஷன், நேரில் வந்து ஓட்டிப் பார்க்கலாம். நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். ஊசி போடுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிற மனுஷன் அல்லவா, போனிலும் அன்பாகத்தான் பேசுகிறார். குழந்தைகள் இருந்தால் அழைத்து வாருங்கள் என்கிறார்.

சாருவுக்கு இன்னும் ஆறு விரல்கள் மிச்சம் இருக்கின்றன.

கூப்பிடுகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"எத்தன பேரு வாரீங்க?"